கற்பிட்டிக் கடலிலே திமிங்கில தரிசனம்

சோளகக் காற்று ஓய்ந்து மேற்குக் கடல் அமைதி அடைந்ததும், புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டிக் கரையிலிருந்து காலைதோறும் சில படகுகள் கடலை நோக்கிப் புறப்படுகின்றன. அவற்றிலே வலை கிடையாது, தூண்டிலும் கிடையாது. ஏறியிருப்போரிற் பலர், அலையில் ஆடும் படகொன்றில் அதுவரை கால் வைத்தறியாத பட்டணவாசிகள். வெறுங்கையோடு போய், மூன்று நான்கு மணி நேரம் கழித்து வெறுங்கையோடே கரைசேரும் இப்படகுகளால் ஒரு குடும்பத்தின் அடுப்பு எவ்வாறு எரியும் என்று கேட்கத் தோன்றுமன்றோ? ஓங்கிலையும் திமிங்கிலத்தையும் கண்ணாற் காண்பதற்கென்றே மக்கள் கொடுக்கும் கூலிதான் இப்படகுகளின் வருமானம்.

மீனவன் கடலிலிருந்து எடுத்து வந்ததை விற்கிறான். திமிங்கிலம் காட்டும் படகுக்காரனோ, கண்டதைக் கண்ட இடத்திலேயே, கண்டபடியே விட்டு வந்தாற்றான் நாளைக்கும் பிழைக்கலாம். இத்தொழிலின் அருமையும் சிக்கலும் இந்த ஒன்றிலேயே அடங்கியிருக்கின்றன. அத்தகைய படகொன்றின் ஒரு நாட்பொழுது எவ்வாறு கழிகிறது என்பதை இங்கே சற்று விரிவாகக் காண்போம்.

இடமும் இயல்பும்

கொழும்பிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் வீதியில், புத்தளம் நகரை அடைவதற்குச் சற்று முன்னதாகப் பாலாவிச் சந்தி வருகிறது. அங்கே இடப்புறம் திரும்பினால், நீண்டு ஒடுங்கிய ஒரு குடாநாட்டின் வழியே பாதை செல்லும். ஒரு பக்கம் புத்தளம் களப்பு. மறு பக்கம் இந்து சமுத்திரம். உப்பளங்களையும் தென்னந்தோப்புகளையும் நுரைச்சோலை மின்னிலையத்தின் உயர்ந்த புகைபோக்கியையும் கடந்து, தலவிலைப் புனித அன்னம்மாள் ஆலயத்துக்குச் செல்லும் பாதையையும் தாண்டிப் போனால், முனையிலே கற்பிட்டிப் பட்டினம் இருக்கிறது. ஒல்லாந்தர் 1667-ஆம் ஆண்டு தொடங்கிக் கட்டிய கோட்டை இன்றும் அங்கே நிற்கிறது. இக்கரைக்கும் கடலோடிகளுக்கும் உள்ள தொடர்பு அதனினும் பழையது. 1344-ஆம் ஆண்டில் அரபு யாத்திரிகரான இபின் பதூதா இலங்கைக்கு வந்து இறங்கிய துறை, இன்றைய புத்தளம் என்றே வரலாற்றாசிரியர் கொள்வர்.

தமிழ் பேசும் முஸ்லிம் மக்களும், தமிழ், சிங்களக் கத்தோலிக்க மக்களும், 1990-இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கு வந்து குடியேறிய முஸ்லிம் குடும்பங்களும் வாழும் பிரதேசம் இது. ஆலங்குடா, கண்டக்குழி, குடாவ முதலிய கரைகளிலிருந்து படகுகள் புறப்படுகின்றன. ஓட்டுநன் ஒரு மொழியும் உதவியாளன் மற்றொரு மொழியும் பேச, ஏறியிருப்போர் மூன்றாவது மொழி பேசுவது இங்கே வியப்பன்று.

இக்கடலில் திமிங்கிலம் வருவானேன்? விடை கடலின் அடித்தரையில் இருக்கிறது. கரையிலிருந்து மேற்கே செல்லச் செல்லக் கடலடித் தரை முதலில் மெல்லச் சரிகிறது. பின்னர் ஓரிடத்திலே திண்ணையின் விளிம்பைப் போலச் சட்டென்று ஆழத்தில் இறங்கிவிடுகிறது. அந்த விளிம்பு கற்பிட்டிக்கு நேரே, சிறு படகும் காலையிற் சென்று நண்பகலுக்குள் திரும்பக்கூடிய தொலைவில் அமைந்திருக்கிறது. ஆழத்தில் வாழும் கணவாயையும் மீனையும் தேடி உண்ணும் பேருயிர்களுக்கு அந்த விளிம்பே சந்தை. ஏறக்குறைய 400 மீற்றர் ஆழமுள்ள அந்த வரிசையில் திமிங்கிலங்கள் அடிக்கடி தென்படுகின்றன என்பதை, 2010-ஆம் ஆண்டளவில் கெஹான் டி சில்வா விஜேரத்ன என்னும் இயற்கையியல் எழுத்தாளர் தமது கட்டுரைகளால் பலரறியச் செய்தார்.

வடக்கே ஆழம் குறைந்த பகுதியிலே பவளப்பாறைகள் பரந்து கிடக்கின்றன. கடலடிப் பாறைத் திட்டைப் 'பார்' என்பது நம் கடலோர மக்களின் வழக்கு. இங்குள்ள பார் ரீஃப் என்னும் பவளத் திட்டு, 300 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட கடலோடு சேர்த்து, 1992-இல் கடற் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 1998-இலும் 2016-இலும் கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறியபோது, இந்தப் பவளங்களிற் பெரும்பகுதி வெளிறி மடிந்தது. கடல் எத்துணைப் பரந்ததாயினும், அதன் செல்வம் அழியாச் செல்வமன்று என்பதை இக்கரை மக்கள் நேரிலே கண்டிருக்கிறார்கள்.

விடியுமுன் வேலை

படகுக்காரனின் நாள் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. எழுந்ததும் அவன் முதலிற் செய்வது கடலைப் பார்ப்பதுதான். காற்று எத்திசையிலிருந்து வருகிறது, அலை எவ்வளவு இடைவெளியில் உடைகிறது, மேற்கே அடிவானம் தெளிந்திருக்கிறதா என்பவற்றை அவன் கண் அளந்துவிடும். இப்போது கையிலே தொலைபேசி உண்டு. வானிலைத் திணைக்களத்தின் அறிவித்தலும் அதிலே வரும். ஆயினும், அறிவித்தல் நன்றாயிருந்தும் அலை சரியில்லை என்று கண்டால் 'இன்று வேண்டாம்' என்று சொல்லும் துணிவு உள்ளவனே நல்ல ஓட்டுநன். பயணிகள் தொலைவிலிருந்து வந்திருப்பார்கள், முன்பணமும் வாங்கியிருக்கும். வேண்டாம் என்று சொல்வது எளிதான காரியமன்று.

படகு பெரும்பாலும் பதினெட்டு அடி முதல் இருபது அடி வரை நீளமுள்ள கண்ணாடியிழைப் படகு. மீன் பிடிக்கப் பயன்படும் அதே வகைப் படகில், உட்காருவதற்குப் பலகைகளைப் பொருத்தியிருப்பார்கள். பின்புறத்தில் வெளியிணைப்பு இயந்திரம். எண்ணெய் போதுமா, தீப்பொறிச் செருகி சுத்தமாயிருக்கிறதா, மாற்றுச் செருகி ஒன்று உண்டா, நங்கூரமும் கயிறும் உள்ளனவா, உயிர்காப்பு அங்கிகள் தலைக்கு ஒன்றாக இருக்கின்றனவா, குடிதண்ணீர் ஏற்றியாயிற்றா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். கரையிலே சிறு குறையாய்த் தோன்றுவது, கரை கண்ணுக்கு மறைந்த இடத்திலே பெருங்குறையாகிவிடும்.

ஏழு மணியளவில் பயணிகள் வந்து சேருகிறார்கள். நல்ல படகுக்காரன் அவர்களைப் படகில் ஏற்றுவதற்கு முன்பே இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுவான். முதலாவது, அங்கியைக் கழற்றலாகாது, ஓடும் படகில் எழுந்து நிற்கலாகாது என்பது. இரண்டாவதே முக்கியமானது. 'காண்பதும் காணாததும் கடலின் கையில். தேடிப் போவோம், துரத்த மாட்டோம்' என்பதே அது. இந்த ஒரு வாக்கியத்தைக் கரையிலே சொல்லாதவன், கடலிலே பல வாக்கியங்கள் பேச வேண்டியவனாகிறான்.

ஓங்கில் கூட்டம்

உடையும் அலைகளுக்கு இடையிலே ஓய்வு வரும் கணத்தைப் பார்த்துப் படகைத் தள்ளி ஏற வேண்டும். அலைவரிசையைத் தாண்டியதும் இயந்திரத்தின் ஒலி ஒரே சீராகிறது. தென்னந்தோப்பு பச்சைக் கோடாகிப் பின்னே நழுவுகிறது. முன்னணியத்திலே நிற்கும் இளைஞனின் கண்கள் நீரைவிட வானத்தையே அதிகம் நோக்குகின்றன. ஆலாப் பறவைகள் ஓரிடத்தில் வட்டமிட்டு நீரிலே விழுந்தெழுமாயின், அங்கே சிறு மீன் திரண்டிருக்கிறது என்பது பொருள். சிறு மீன் உள்ள இடத்தில் பெரிய மீனும் ஓங்கிலும் இருக்கக்கூடும். "அண்ணே, மேற்கே ஆலா விழுகுது" என்று அவன் குரல் கொடுத்ததும், ஓட்டுநன் படகின் முகத்தைத் திருப்புகிறான். மீன்பிடியிலே தந்தையரும் பாட்டன்மாரும் கற்றுக்கொடுத்த வித்தை, இப்போது இந்தப் புதிய தொழிலுக்கும் கைகொடுக்கிறது.

சிறிது நேரத்தில் நீர்ப்பரப்பிலே கறுப்பு முக்கோணங்கள் தோன்றுகின்றன. ஒன்றல்ல, பத்தல்ல, நூற்றுக்கணக்கில். இவை டொல்பின் இனத்தைச் சேர்ந்த சுழலும் ஓங்கில்கள். நீரிலிருந்து மேலே பாய்ந்து, தம் உடலையே அச்சாகக் கொண்டு பம்பரம்போற் சுழன்று விழுவதால் இப்பெயர் பெற்றன. ஒரே பாய்ச்சலில் ஆறேழு முறைகூடச் சுழலும். இவ்வாறு சுழல்வதற்குக் காரணம் என்ன என்பது பற்றி அறிஞர் பலவாறு கூறுவர். விழும் ஓசையால் கூட்டத்தாருக்குச் செய்தி சொல்கின்றன என்பர் சிலர். உடலில் ஒட்டிக்கொண்ட உறிஞ்சு மீன்களை உதறுகின்றன என்பர் வேறு சிலர். எக்காரணமாயினும், அதைக் காணும் குழந்தைகளின் கூச்சல் அடங்க வெகுநேரமாகும். முதியவர்களும் அங்கே குழந்தைகளாகிவிடுவதுண்டு.

நமது காலை, அவற்றின் இரவு

இவ்விடத்திலேதான் நாம் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. சுழலும் ஓங்கில்கள் இரவிலே வேட்டையாடுபவை. பகலில் ஆழத்தில் மறைந்திருக்கும் சிறு மீனும் கணவாயும் இறாலும் இருள் கவிந்ததும் மேலே எழும். அவ்வேளையில் ஓங்கில்கள் அவற்றை உண்டு பசியாறும். பொழுது புலர்ந்த பின் அவை கூட்டமாகச் சேர்ந்து மெல்ல நீந்தி இளைப்பாறும். நாம் நித்திரை விட்டெழுந்து உற்சாகத்தோடு படகேறும் வேளை, அவை வேலை முடிந்து ஓய்வை நாடும் வேளையாகும்.

அவற்றின் உறக்கமும் நம்முடைய உறக்கத்தைப் போன்றதன்று. ஓங்கில் மூச்சு விடுவதற்கு நீர்மட்டத்துக்கு வந்தே ஆக வேண்டும். ஆகையால் அதன் மூளையின் ஒரு பாதி உறங்கும்போது மறு பாதி விழித்திருக்கும். அந்த அரை உறக்கமும் படகின் இரைச்சலாற் கலைந்து கலைந்து போனால், அடுத்த இரவு வேட்டைக்கு வலிமை எங்கிருந்து வரும்? குட்டிக்குப் பாலூட்டும் தாயின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ஹவாய்த் தீவுகளிலே இதே இனத்து ஓங்கில்களை உல்லாசப் பிரயாணிகள் ஓயாது சூழ்ந்து ஓய்வைக் கெடுத்தமையால், 2021-இல் அமெரிக்க அரசாங்கம் அவற்றை 50 யார் தூரத்துக்குள் நெருங்கலாகாது என்று விதி செய்தது.

கற்பிட்டியின் பருவ நாளொன்றில் ஒரே ஓங்கில் கூட்டத்தை நோக்கிப் பல படகுகள் வந்து சேர்வதுண்டு. ஒரு படகு கூட்டத்தின் நடுவே புகுந்தால், அதிலுள்ளவர்களுக்கு அந்தக் கணத்தில் நல்ல படம் கிடைக்கும். பக்கத்துப் படகிலே இருப்போர் அதைப் பார்த்து, "அண்ணே, நீங்களும் கொஞ்சம் கிட்டப் போங்களேன்" என்று கேட்பார்கள். ஓட்டுநனின் உள்ளத்திலே அப்போது இரண்டு எண்ணங்கள் போரிடும். கேட்டதைச் செய்தால் பயணி மகிழ்வார். கரையிறங்கியதும் கையிலே மேலதிகமாக ஏதேனும் வைப்பார். நாலு பேரிடம் நல்லபடி சொல்வார். செய்யாவிட்டால் அந்தப் புகழ் பக்கத்துப் படகுக்குப் போய்விடும். ஆனால் எல்லாப் படகும் அப்படியே செய்தால், அந்தக் கூட்டம் இக்கடலை விட்டே ஒதுங்கிப் போகும் நாள் வரலாம். அன்றைக்குத் துரத்திய படகும் துரத்தாத படகும் ஒன்றுபோலவே கரையிற் கிடக்கும்.

அனுபவசாலி இந்தச் சிக்கலை அழகாகத் தீர்ப்பதுண்டு. கூட்டம் போகும் திசையைக் கணித்து, அதற்கு இணையாகச் சற்று விலகி, வேகத்தைக் குறைத்து ஒரே சீராகப் படகைச் செலுத்துவான். முன்னே சென்று மறிக்க மாட்டான். பின்னே நின்று விரட்டவும் மாட்டான். இவ்வாறு செல்லும் படகை ஓங்கில்கள் தாமாகவே நாடி வந்து, அதன் முன்னணியத்து அலையிலே சறுக்கி விளையாடுவதுண்டு. துரத்தியவனுக்கு முதுகைக் காட்டிய பிராணி, பொறுத்திருந்தவனுக்கு முகத்தைக் காட்டுகிறது.

ஆழத்திலிருந்து ஒரு மூச்சு

ஓங்கிலைக் கண்டதோடு பல படகுகள் திரும்பிவிடும். திமிங்கிலத்தைக் காண விரும்புவோர் இன்னும் மேற்கே, ஆழக்கடலின் விளிம்புவரை செல்ல வேண்டும். அங்கே நீரின் நிறமே வேறு; பச்சை மாறிக் கருநீலமாகிறது.

திமிங்கிலம் என்னும் சொல்லுக்கே ஒரு கதை உண்டு. 'திமி' என்பது வடமொழியிலே கற்பனைக்கெட்டாத பெருமீன்; அதனையும் விழுங்குவது 'திமிங்கிலம்'. அதனையும் விழுங்கும் 'திமிங்கிலகிலம்' ஒன்றையும் பழைய நூல்கள் பேசும். ஆனால் திமிங்கிலம் மீனன்று. நுரையீரலால் மூச்சு விட்டு, குட்டி ஈன்று, பாலூட்டி வளர்க்கும் பிராணி என்பதை மாணவர்கள் அறிவார்கள்.

கற்பிட்டிக்கு அப்பாலுள்ள கடலில் பெயர்பெற்றது எண்ணெய்த் திமிங்கிலம். உடலின் மூன்றில் ஒரு பங்கு தலை, அந்தத் தலைக்குள்ளே ஒருவகை எண்ணெய், அதனாலேயே இப்பெயர். ஆண் 16 மீற்றர் வரை வளரும். பெண் ஏறத்தாழ 11 மீற்றர். உலகத்திலுள்ள பிராணிகள் யாவற்றிலும் பெரிய மூளை இதனுடையதே. ஏறக்குறைய எட்டுக் கிலோ நிறை. இதன் மூச்சுத்துளை தலையின் முன்பக்கத்தில் இடப்புறமாக அமைந்திருப்பதால், மூச்சு நேரே மேலெழாமல் முன்னோக்கி இடப்புறம் சாய்ந்து எழும். தொலைவிலே அப்படிச் சாய்ந்த வெண்புகையைக் கண்டதுமே, இன்ன திமிங்கிலம் என்று ஓட்டுநன் சொல்லிவிடுவான்.

வெப்பக் கடல்களிலே பெண்களும் குட்டிகளும் குடும்பமாகவே வாழ்கின்றன. தாயும் மகளும் பேர்த்தியும் ஒரே கூட்டத்தில் இருப்பதுண்டு. வளர்ந்த ஆண்களோ பிரிந்து குளிர்க் கடல்களுக்குப் போய்விடும். தாய் இரை தேடி ஆழத்துக்குச் செல்லும்போது குட்டியால் அவ்வளவு ஆழம் செல்ல முடியாது. அப்போது கூட்டத்திலுள்ள வேறொரு பெண் மேலே தங்கிக் குட்டிக்குத் துணையிருக்கும். அண்டை வீட்டு அக்காவிடம் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் தாய்மார் நிறைந்த நம் ஊர்களுக்கு இது புதிய செய்தியாய்த் தோன்றாது.

எண்ணெய்த் திமிங்கிலம் நீர்மட்டத்தில் எட்டுப் பத்து நிமிஷம் கிடந்து மூச்சை நிரப்பிக்கொள்ளும். பின்னர் முதுகை வளைத்து, அகன்ற வாலை வானளாவ உயர்த்தி, ஓசையின்றி மூழ்கும். மீண்டும் மேலே வர நாற்பது நிமிஷமோ அதற்கு மேலோ ஆகலாம். அவ்வளவு நேரமும் அது நூற்றுக்கணக்கான மீற்றர் ஆழத்தில், கும்மிருட்டிலே, ஒலியை எழுப்பி அதன் எதிரொலியைக் கொண்டு கணவாயைத் தேடுகிறது. ஆகவே நீர்மட்டத்தில் அது கிடக்கும் அந்தச் சில நிமிஷங்கள் விலைமதிப்பற்றவை. படகு நெருங்கியதாற் பயந்து மூச்சு நிரம்பு முன்பே மூழ்குமானால், அந்த முறை வேட்டை அரைகுறையாகும்.

இலங்கையில் கடல்வாழ் முலையூட்டிகள் யாவும் சட்டத்தாற் பாதுகாக்கப்பட்டவை. அவற்றைப் பார்வையிடச் செல்லும் படகுகளுக்கென 2012-இல் தனியான ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளியிடப்பட்டன. திமிங்கிலத்தை 100 மீற்றருக்குள் நெருங்கலாகாது என்பது அவற்றுள் முக்கியமானது. கடலிலே அளவுகோல் ஏது என்று கேட்கலாம். தன் படகைப்போல் பதினாறு, பதினேழு படகுகளை வரிசையாக வைத்தால் எவ்வளவு தூரமோ அதுதான் 100 மீற்றர் என்று கண்ணாலே அளக்கப் பழகியவன், விதியையும் காப்பான்; காட்சியையும் காட்டுவான்.

வால் மறைந்தபின் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பதே அன்றைய வேலைகளுள் மிகக் கடினமானது. வெயில் ஏறுகிறது. படகு பக்கவாட்டில் ஆடுகிறது. சிலருக்குத் தலைசுற்றல். "இன்னும் எவ்வளவு நேரம்?" என்ற கேள்வி பிறக்கிறது. ஓட்டுநன் தேசிக்காய் ஒன்றை வெட்டி முகரக் கொடுப்பான்; கண்ணை அடிவானத்திலே நிறுத்தச் சொல்வான்; திமிங்கிலம் இப்போது கீழே என்ன செய்துகொண்டிருக்கும் என்பதைக் கதையாகச் சொல்வான். கதை சொல்லத் தெரிந்தவனிடத்தில் நாற்பது நிமிஷமும் நான்கு நிமிஷமாகக் கழியும். நீர் பிளந்து அந்தக் கரிய தலை மீண்டும் எழுந்து 'புஸ்' என்று மூச்சு விடும்போது, படகிலே ஒருவரும் பேசுவதில்லை.

ஈட்டியும் கமராவும்

இதே திமிங்கிலத்தை மனிதன் முன்னர் எதற்காகத் தேடிச் சென்றான் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இதன் தலையெண்ணெய் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விளக்குகளை எரித்தது, மெழுகுவர்த்தியானது. 1851-இல் வெளிவந்த புகழ்பெற்ற நாவலான 'மோபி டிக்' ஒரு வெள்ளை எண்ணெய்த் திமிங்கிலத்தைத் துரத்திய மாலுமியின் கதையே. இருபதாம் நூற்றாண்டிலே வெடியீட்டியும் இயந்திரக் கப்பலும் வந்தபின் வேட்டை முன்னிலும் பெருகிற்று. 1979-இல் சர்வதேசத் திமிங்கில ஆணையம் இந்து சமுத்திரத்தைத் திமிங்கிலச் சரணாலயமாக அறிவித்தது. வர்த்தக வேட்டையை உலகெங்கும் நிறுத்தும் அதன் தீர்மானம் 1986-இல் நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சரணாலயத்தில் உயிரோடிருக்கும் திமிங்கிலத்தை ஆராய்வதற்கென 1982-இல் 'டூலிப்' என்னும் சிறு பாய்க்கப்பல் இலங்கைக்கு வந்தது. திருகோணமலைக் கடலிலே எண்ணெய்த் திமிங்கிலத்தின் ஒலிகளை அறிஞர் பதிவு செய்தனர். நீலத் திமிங்கிலங்களையும் கண்டனர். பின்னர் மூண்ட யுத்தம் கடலையும் மூடிவிட்டது. 2009-இல் யுத்தம் முடிந்த பின்னரே, மிரிச, திருகோணமலை, கற்பிட்டி ஆகிய மூன்று கரைகளிலும் திமிங்கிலம் பார்க்கச் செல்லும் தொழில் விரைந்து வளர்ந்தது.

இன்று படகிலே ஈட்டி இல்லை, கமரா இருக்கிறது. ஆயினும் துரத்துவது துரத்துவதே. கையிலுள்ள கருவி எது என்பதைத் திமிங்கிலம் அறியாது. தன்னை நோக்கி விரைந்து வரும் இரைச்சலையே அறியும். இது சிறு படகுகளுக்கு மட்டும் உரிய பாடமுமன்று. தென்கரையில் தெய்வேந்திர முனைக்கு அப்பால் நீலத் திமிங்கிலங்கள் இரை தேடும் இடமும் பெருங்கப்பல்களின் பாதையும் ஒன்றாயிருப்பதால், மோதுண்டு மாளும் திமிங்கிலங்கள் உண்டு. 2022-இல் எம்.எஸ்.சி. என்னும் கப்பல் நிறுவனம் தன் கப்பல்களை அப்பாதையிலிருந்து தெற்கே விலக்கிச் செலுத்த முன்வந்தது. மலைபோன்ற கப்பலுக்கே விலகிச் செல்ல முடியுமானால், இருபது அடிப் படகுக்கு முடியாதா?

கரையும் கணக்கும்

நண்பகல் நெருங்க நெருங்கக் காற்று எழும். கடல் சுருக்கம் விழுந்த துணியைப்போலாகும். அதற்கு முன் படகைக் கரைசேர்த்துவிட வேண்டும். பயணிகளை இறக்கி, தலைகளை எண்ணி, அங்கிகளை நன்னீரில் அலசிக் காயவைத்து, இயந்திரத்தைக் கழுவி, படகை மணலிலே ஏற்றியபின்தான் கணக்கு தொடங்குகிறது. எண்ணெய்ச் செலவு முதலில். உதவியாளனுக்குக் கூலி. பயணிகளை அனுப்பிய விடுதிக்கோ தரகருக்கோ ஒரு பங்கு. படகு மற்றொருவருடையதாயின் சம்மாட்டிக்கு ஒரு பங்கு. எஞ்சியதே வீட்டுக்கு.

எஞ்சுவது எவ்வளவு என்பது பெரும்பாலும் எண்ணெயின் விலையைப் பொறுத்தது. சிறு படகுகளின் இயந்திரங்கள் பல மண்ணெண்ணெயில் ஓடுபவை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தபோது, கடலை நம்பிய குடும்பங்கள் பட்ட பாடு சொல்லுந்தரமன்று. அதற்கு முன்பே 2019 ஏப்ரில் குண்டுவெடிப்புகளும், 2020-இல் வந்த கொரோனா நோயும் உல்லாசப் பிரயாணிகளின் வரவை நிறுத்தியிருந்தன. பருவமோ ஆண்டின் பாதிதான். மே மாதமளவில் சோளகம் வீசத் தொடங்கினால் படகுகள் ஓய்ந்துவிடும். அப்போது சிலர் களப்பிலே மீன்பிடிப்பர்; சிலர் காற்றுப்பட்டத்தைப் பிடித்து அலையிற் சறுக்க வரும் வெளிநாட்டாருக்கு உதவியாயிருப்பர்.

எரித்த எண்ணெய்க்கு ஈடு காண வேண்டிய இந்த நெருக்கடியிலேதான், 'நெருங்காதே' என்னும் விதியை அவன் காக்க வேண்டியிருக்கிறது. விதியைச் சட்டம் எழுதிவிடலாம். நடுக்கடலில் அதைக் காப்பவன் ஓட்டுநன் ஒருவனே. வேகமாக ஓடித் துரத்துவதற்கு எண்ணெயும் அதிகம் செலவாகும் என்பதும், மெல்லச் சென்று காத்திருப்பவனுக்குச் செலவு குறையும் என்பதும் இதில் ஓர் ஆறுதல். கடலுக்கு நல்லதாயிருப்பது இங்கே அவன் பைக்கும் நல்லதாயிருக்கிறது.

பயணம் போவோர் கவனத்துக்கு

விடுமுறையில் பிள்ளைகளோடு கற்பிட்டிக்குச் செல்லும் குடும்பத்தினர் சிலவற்றை மனத்திற் கொள்வது நன்று. நவம்பர் முதல் ஏப்ரில் வரையே ஏற்ற காலம். இலேசான காலை ஆகாரம், தொப்பி, தண்ணீர் ஆகியவை போதும். உயிர்காப்பு அங்கி பிள்ளையின் அளவுக்குப் பொருந்துகிறதா என்று ஏறுமுன் பார்க்க வேண்டும். உணவுப் பொட்டலத்தின் உறையைக் கடலில் எறியக் கூடாது. ஆழத்திலே கணவாயைத் தேடும் திமிங்கிலத்தின் வயிற்றுக்குள் பிளாஸ்ற்றிக் பைகள் போய்ச் சேர்வது உலகின் பல கரைகளிலும் காணப்பட்ட உண்மை.

எல்லாவற்றிலும் முக்கியமானது, ஓட்டுநனிடம் நாம் கேட்கும் கேள்வி. "கட்டாயம் காட்டுவீர்களா?" என்று கேட்பவருக்கு, கட்டாயம் காட்டுகிறேன் என்று வாக்களித்து, அதன்பின் துரத்துபவனே வாய்ப்பான். "எவ்வளவு தூரத்தில் நிறுத்துவீர்கள்?" என்று கேட்பவருக்கு, தொழிலறிந்தவன் வாய்ப்பான். கூலி கொடுப்பவர் எதை விரும்புகிறாரோ அதையே தொழில் கற்றுக்கொள்கிறது. நூறு மீற்றருக்கு அப்பால் படகு நிற்கும்போது, "போதும் தம்பி, இங்கிருந்தே நன்றாகத் தெரிகிறது" என்று ஒரு தாயோ தகப்பனோ சொன்னால், அந்த ஓட்டுநனின் பாரம் பாதி குறையும். பக்கத்திலிருந்து கேட்கும் பிள்ளைக்கும் அது பள்ளிக்கூடத்துக்கு வெளியே கிடைத்த பாடமாகும்.

கற்பிட்டிக் கரையில் மறுநாட் காலையும் படகுகள் புறப்படும். அவை எதையும் பிடித்து வரமாட்டா. பிடிக்காமல் விட்டு வந்தவை அங்கேயே இருக்கும்வரைக்கும், புறப்படுவதற்கு ஒரு காரணமும் இருந்துகொண்டேயிருக்கும்.